சியாமளா அக்காவின் ஆறு மணி

சியாமளா அக்காவுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரம் சொந்தமாக இருந்தது. காலை ஆறிலிருந்து ஏழு வரை. மீதி இருபத்து மூன்று மணி நேரமும் மற்றவர்களுடையது என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். அந்த ஒரு மணி நேரமும் கையை விட்டுப் போகப் பார்த்தது. அதற்கு நானும் ஒரு காரணம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் செக்டாரில் அரசு ஊழியர்களுக்கான கிளப் ஒன்று இருக்கிறது. தகரக் கூரை போட்ட நீளமான ஹால். ஒரு மூலையில் கேரம் போர்டுகள், நடுவில் டேபிள் டென்னிஸ் மேஜை, கடைசிச் சுவரை ஒட்டி மரப் பலகைகள் பதித்த தாழ்வான மேடை. அந்த மேடையில் எடை தூக்கும் ராடும் துருப்பிடித்த பிளேட்டுகளும் கிடக்கும். மாலையில் ஆண்கள் வந்து தூக்குவார்கள். தூக்கிவிட்டு எங்கே போட்டார்களோ அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள்.

அக்காவுக்கு அப்போது முப்பத்தேழு வயது. ஓர் அமைச்சகத்தில் தபால் அனுப்பும் பிரிவில் குமாஸ்தா. திருநெல்வேலியில் பிறந்து, கல்யாணமாகி எண்பத்தெட்டில் டெல்லிக்கு வந்தவர். கணவர் சிவஞானம் வேறோர் அலுவலகத்தில் இருந்தார். இரண்டு பையன்கள். நான்கு டிபன் டப்பா, எட்டரை மணி பஸ், மாலையில் பால் பூத் வரிசை, பையன்களின் ஹிந்தி வீட்டுப்பாடம். எங்கள் குவார்ட்டர்ஸில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் இருந்த அதே நாள்தான் அவருக்கும். நான் முதலில் அவரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டேன்.

"ஆன்ட்டின்னு கூப்பிட்டா ராடுல இன்னும் அஞ்சு கிலோ ஏத்துன மாரி இருக்குட்டி. அக்கான்னு சொல்லு" என்றார்.

அவர் எடை தூக்க ஆரம்பித்தது ஒரு பொங்கல் விழாவில். இரண்டாயிரத்து ஒன்று, ஜனவரி. எங்கள் பகுதித் தமிழர்கள் கிளப் ஹாலைக் கேட்டு வாங்கி விழா நடத்தினார்கள். மேடையில்தான் கோலம் போடுவதாக இருந்தது. அங்கே நட்டநடுவில் இரண்டு பக்கமும் பிளேட்டு மாட்டிய ராடு கிடந்தது. யாராவது ஆம்பளையைக் கூப்பிடுங்கள் என்று ஒரு மாமி சொன்னார். ஆண்கள் எல்லோரும் வெளியே ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து, ராடைத் தூக்கி, நாலடி நடந்து சுவரோரம் வைத்தார். வைத்தபின் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். கோலமாவு டப்பாவை யாரோ நீட்டியபோதுதான் திரும்பினார்.

"அப்ப என்ன ஆச்சு அக்கா?" என்று பிறகு ஒருநாள் கேட்டேன்.

"முட்டியத் தாண்டுனதும் ஹாலே அமைதியாயிட்டு. நாதஸ்வர கேசட்டு ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. எனக்குக் கேக்கல. எத்தனை வருசங் கழிச்சு ஒரு அமைதி! கீழ வைக்கவே மனசு வரலட்டி."

அடுத்த மாதமே அக்கா கிளப் செயலாளர் பட்நாகரைப் போய்ப் பார்த்தார். பட்நாகர் கெட்டவர் இல்லை. ஓய்வுபெறச் சில வருடங்களே இருந்த, எல்லோருக்கும் நல்லவராக இருக்க ஆசைப்பட்ட அதிகாரி. "வெயிட்லிஃப்டிங்? நீங்களா?" என்று கேட்டுவிட்டு, அக்கா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் தானும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். காலை ஆறு முதல் ஏழு வரை ஹால் பெண்களுக்கு என்று ஒரு வருடத்துக்கு எழுதிக் கொடுத்தார். அதே நேரத்தைக் கேட்டு டேபிள் டென்னிஸ்காரர்களும் மனு கொடுத்திருந்தார்கள். அதனால் ஒரு நிபந்தனை போட்டார். அடுத்த பிப்ரவரியில் அமைச்சகங்களுக்கு இடையே போட்டி நடக்கும். அதில் பெண்கள் எடைதூக்கலும் உண்டு. கிளப்பின் பெண்களில் ஒருவராவது அதில் கலந்துகொண்டு முடிவுத் தாளில் மொத்தம் வாங்கி வர வேண்டும். வரவில்லையென்றால் ஆறு மணி டேபிள் டென்னிஸுக்கு.

மொத்தம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். போட்டியில் இரண்டு வகைத் தூக்கல். தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேலே கொண்டுபோவது ஸ்னாட்ச். முதலில் தோளுக்குக் கொண்டுவந்து, அங்கே ஒரு மூச்சு விட்டு, பிறகு தலைக்கு மேலே தள்ளுவதை நாங்கள் சுருக்கமாக ஜெர்க் என்போம். இரண்டிலும் மூன்று மூன்று வாய்ப்பு. ஒவ்வொன்றிலும் ஒரு தடவையாவது சரியாகத் தூக்கினால், இரண்டையும் கூட்டிப் பெயருக்கு எதிரே ஓர் எண் எழுதுவார்கள். அதுதான் மொத்தம். ஸ்னாட்சில் மூன்றும் தவறிப்போனால் சைபர்.

முதல் வாரம் ஏழு பெண்கள் வந்தார்கள். மழைக்காலத்தில் இருவர் மிஞ்சினோம். அக்காவும் நானும். மந்திர் மார்க் பள்ளியில் பிளஸ் டூ முடித்து, எந்தக் கல்லூரியிலும் இடம் கிடைக்காமல், வீட்டில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். அம்மா எங்கேயாவது போய்த் தொலையேன் என்றாள். ஆறு மணிக்குத் திறந்திருந்த இடம் கிளப் மட்டும்தான். அரசு ஊழியரின் பெண் என்பதால் என்னை உள்ளே விட்டார்கள். ஆனால் என்னால் போட்டியில் கலந்துகொள்ள முடியாது. அதற்கு வேலையில் இருக்க வேண்டும். ஆகவே நிபந்தனை முழுவதும் அக்காவின் தோளில்தான் இருந்தது.

அந்தக் காலைகளை நினைத்தால் உண்மையில் நடந்தவை போலவே எனக்குத் தோன்றுவதில்லை. அக்டோபர் முடிந்ததும் மூடுபனி ஹாலுக்குள்ளேயே வந்துவிடும். டியூப் லைட்டைச் சுற்றி வெள்ளையாக நிற்கும். அக்கா ஐந்தரைக்கே வீட்டை விட்டுக் கிளம்பி, மலை மந்திர் அடிவாரம் வரை வேகமாக நடந்து, கீழேயே நின்று முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அதே வேகத்தில் கிளப்புக்கு வருவார். பனிக்குள் முதலில் அவருடைய மூச்சு தெரியும். பிறகு கணவரின் பழுப்பு ஸ்வெட்டர். பிறகுதான் முகம். வந்ததும் துடைப்பத்தை எடுத்து மேடையைப் பெருக்குவார். முந்தின நாள் ஆண்கள் எறிந்துவிட்டுப் போன பிளேட்டுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து எடுத்து அடுக்குவார். அதெல்லாம் முடிந்துதான் ராடைத் தொடுவார். தொடுவதற்கு முன் ஸ்வெட்டரைக் கழற்றினால் முதுகில் லேசாக ஆவி பறக்கும்.

ராடு மேலே போனதும் கண்ணை மூடிக்கொள்வார். மூடக் கூடாது என்று பின்னால் தெரிந்துகொண்டோம். அப்போது எங்களுக்கு எதுவும் தெரியாது. நானும் மேலே தூக்கி நின்றிருக்கிறேன், அதனால் அந்த அமைதி என்னவென்று எனக்கும் கொஞ்சம் தெரியும். கைகள் பூட்டிக்கொண்டபின் எடை கைகளில் இருக்காது. எலும்பு வழியாகத் தரைக்குப் போய்விடும். நாம் நடுவில் ஒரு கம்பம் மாதிரி நிற்போம். வெளியே பால் வண்டி போகும். அது வேறு ஏதோ ஊரில் போவது போல இருக்கும்.

கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. மாலை நேரத்து ஆண்களிடம் கேட்டால் ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். அதனால் நான் மார்க்கெட்டில் புதிதாகத் திறந்திருந்த சைபர் கஃபேக்குப் போய்த் தேடினேன். படம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். முதலில் தூக்குபவரின் நெற்றி, பிறகு கைகள், பிறகு மார்பு. முட்டி வருவதற்குள் என் அரை மணி முடிந்துவிடும். அடுத்தவர் பின்னால் வந்து நின்றுகொண்டு "ஜல்தி கரோ" என்று அவசரப்படுத்துவார். ஆகவே கை எப்படி இருக்க வேண்டும் என்று எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. பாதங்களை நாங்களே யோசித்துக்கொண்டோம்.

டிசம்பர் கடைசியில் எழுத்து மட்டுமே உள்ள ஓர் இணையப் பக்கம் கிடைத்தது. சீக்கிரம் இறங்கிவிட்டது. எழுதியவர் யாரோ ஓர் அமெரிக்கர். தன்னை இரும்புச் சிங்கம் என்று சொல்லிக்கொண்டார். வார்ம் அப் என்று உடம்பைச் சூடாக்குவது பயந்தவர்களின் பழக்கம், உடம்பின் சக்தியில் பாதி அதிலேயே வீணாகிறது, சிங்கம் வேட்டைக்கு முன்னால் குனிந்து நிமிர்வதில்லை, போட்டிக்கு ஆறு வாரம் முன்பிருந்து தேவையில்லாத ஓர் அடிகூட நடக்காதீர்கள், ஒவ்வொரு துளிச் சக்தியையும் ராடுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்படி மூன்று பக்கம். பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓடினேன். போட்டிக்குச் சரியாக ஆறு வாரம் இருந்தது. எங்களுக்காகவே எழுதியது போல இருந்தது.

அக்கா அதை இரண்டு தடவை படித்தார். அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த கோப்பு ஒன்றில் கோத்தார். மேலே தேதி எழுதினார். பக்கங்களுக்கு எண் போட்டார். அவர் பதிமூன்று வருடமாகச் சுற்றறிக்கைகளை அனுப்பும் வேலையில் இருந்தவர். சுற்றறிக்கை சரியா தவறா என்று தபால் பிரிவு கேட்காது. வந்த தேதியிலிருந்து அது அமல். இன்னொரு சுற்றறிக்கை வந்து முந்தையதை ரத்து செய்யும் வரை அமல். அக்காவுக்குக் காகிதம் என்றால் அதுதான்.

மறுநாளிலிருந்து மலை மந்திர் நடை நின்றது. சிவஞானம் மாமா ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். ஜனவரிப் பனியில் ஐந்து நிமிடம் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கும்போது அக்காவின் விரல்கள் நீலமாக இருக்கும்.

"ஏளா, சிங்கம் ஸ்கூட்டர்ல ஒருபக்கமா உக்காந்துதான் வேட்டைக்குப் போகுமா?" என்று மாமா கேட்பார்.

"நீங்க வீட்டுக்குக் கெளம்புங்க. பேசினாலும் சக்தி போவுது."

"அது எழுதியிருக்கா அதுல?"

"மூணாம் பக்கம்."

பெருக்குவதும் பிளேட்டு அடுக்குவதும் இனி என் வேலை என்று நானே எடுத்துக்கொண்டேன். அக்கா நாற்காலியில் சால்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் எல்லாம் தயார் செய்ததும் எழுந்து வந்து நேராக நாற்பது கிலோவைப் பிடிப்பார். டிசம்பரில் நாற்பத்தைந்தைத் தூக்கிக் கண்ணை மூடி நின்றவர் ஜனவரி நடுவில் நாற்பதோடு திணறினார். முழங்கை சரியாகப் பூட்டவில்லை. ராடு முன்பக்கமாகவே விழுந்தது. வலது தோளில் ஏதோ பல் முளைக்கிற மாதிரி இருக்கிறது என்றார். ஒருநாள் சமையலறையில் மேல்தட்டிலிருந்து புளி டப்பாவை எடுக்க முடியாமல் பெரிய பையனைக் கூப்பிட்டாராம். அதை மாமாதான் என்னிடம் சொன்னார். அப்போது அவர் கேலி செய்யவில்லை.

அதே மாதத்தில் நான் மட்டும் நன்றாகத் தூக்கினேன். இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்துக்குப் போனேன். என்னமோ வயசு என்று நினைத்துக்கொண்டேன். அவர் இறங்கியதற்கும் நான் ஏறியதற்கும் அந்த ஒரே துடைப்பம்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. மறுபடி சைபர் கஃபேக்குப் போனேன். வேறொரு பக்கத்தில், முதலில் வெறும் ராடு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடை, உடம்பு சூடான பிறகே கனம் என்று தெளிவாகப் போட்டிருந்தது. அதையும் பிரிண்ட் எடுத்து வந்தேன்.

அக்கா வாங்கிப் பார்த்தார். "இதுல முந்தினத ரத்து பண்றதா எங்கயாவது போட்டிருக்கா?"

"அக்கா, அது வேற ஆளு, இது வேற ஆளு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்ததுகூட இல்ல."

"அப்ப ரெண்டு பேருல யாரு பெரியவரு?"

"தெரியாது."

"தெரியாதுன்னா பழசுதான் நிக்கும்" என்று சொல்லி, புதியதையும் அதே கோப்பில் பின்னால் கோத்துவிட்டார். பிறகு தோளைப் பிடித்துக்கொண்டே கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னார். "நடுவுல மாத்தப் பயமா இருக்குட்டி. ஏதாவது ஒண்ணப் பிடிச்சிக்கிட்டுத்தான போவணும்? பிப்ரவரி தாண்டுனா நமக்கு ஆறு மணின்னு ஒண்ணு இருக்குமோ இருக்காதோ."

நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனேன். நான் கொண்டுவந்த காகிதம்தானே அது.

போட்டி பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமை. பெரிய உள்ளரங்கம். அக்காவின் எடைப்பிரிவில் நான்கே பெண்கள். மேடைக்குப் பின்னால் ஒரு அறையில் இரண்டு ராடுகளும் பிளேட்டுகளும் வைத்திருந்தார்கள், போட்டிக்கு முன்னால் உடம்பைச் சூடு பண்ணிக்கொள்ள. மற்ற மூவரும் அங்கே ராடைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா சுவரோரம் சால்வையோடு உட்கார்ந்திருந்தார். கையில் கோப்பு இல்லை. ஆனால் மடியில் கோப்பு இருக்கிற மாதிரி இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த மூவரில் ஒருவர் பெயர் சந்தோஷ். ஹரியானாவில் பெண்களுக்கும் அந்தப் பெயர் உண்டு. தடித்த குரல், நீலக் கம்பளி பனியன், நெற்றியெல்லாம் வியர்வை. அக்காவைப் பார்த்து ஹிந்தியில் கேட்டார். "என்ன தீதி, கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி மாதிரி உக்காந்திருக்கீங்க? டீ வரலையேன்னு பாக்கிறீங்களா?"

அக்கா புன்னகைத்தார். பதில் சொல்லவில்லை. பேசினால் சக்தி போய்விடும்.

எடைதூக்கும் போட்டியில் ராடின் எடை ஏறிக்கொண்டேதான் போகும், இறங்காது. குறைவாகக் கேட்டவர் முதலில் வருவார். மற்ற இருவரும் நாற்பதுக்குள் தங்கள் மூன்று வாய்ப்புகளையும் முடித்துவிட்டார்கள். சேர்த்து வைத்த சக்தியை நம்பி அக்கா கேட்டிருந்தது நாற்பத்தைந்து. சந்தோஷ் ஐம்பத்தைந்து. ஆகவே அடுத்து அக்கா.

பெயரைக் கூப்பிட்டார்கள். சால்வையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ராடு மேலே போனது. ஆனால் முழங்கை மடங்கி, பிறகு நிமிர்ந்தது. அப்படி மடங்கினால் செல்லாது. நடுவர்கள் மூவரும் சிவப்பு விளக்குப் போட்டார்கள். அவருக்கு முன்னால் வேறு யாரும் இல்லாததால் இரண்டே நிமிடத்தில் மறுபடி கூப்பிட்டார்கள். இந்தத் தடவை ராடு நெற்றி வரை வந்து முன்னால் விழுந்தது. பலகை அதிர்ந்தது.

பின்னால் வந்து நின்றார். முகத்தில் வியர்வைகூட இல்லை. உதடு வறண்டிருந்தது. இன்னும் ஒன்றுதான். அதையும் இரண்டு நிமிடத்துக்குள் கூப்பிட்டுவிடுவார்கள்.

"போச்சுட்டி" என்றார். அவ்வளவுதான்.

சந்தோஷ் வேகமாக வந்து அக்காவின் முன்கையைத் தொட்டுப் பார்த்தார். "அரே! ஐஸ் மாதிரி இருக்கு. வெறும் ராடுகூடத் தூக்கலையா நீங்க?"

நான்தான் சொன்னேன். இரும்புச் சிங்கத்தைப் பற்றி, ஸ்கூட்டரைப் பற்றி, ஆறு மணி போய்விடும் என்பதைப் பற்றி. எவ்வளவு வேகமாகச் சொன்னேன் என்றால் பாதி ஹிந்தியும் பாதி தமிழுமாக வந்தது.

சந்தோஷ் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அந்தச் சிங்கம் இங்க வந்திருக்கா? வந்தா நாலு கேள்வி கேக்கணும்" என்றார். பிறகு அக்காவிடம், "நாலு பேர்தான் இருக்கோம் தீதி. ஒருத்தி சைபர் ஆனா அடுத்த வருஷம் நம்ம பிரிவையே தூக்கிடுவாங்க. எனக்கும் இது வேணும்" என்றார். சொல்லிக்கொண்டே அதிகாரி மேஜைக்கு ஓடினார். ஐம்பத்தைந்து என்று எழுதியிருந்த தன் முதல் வாய்ப்பை நாற்பத்தைந்து என்று மாற்றிக் கையெழுத்துப் போட்டார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. ஒரே எடையை இருவர் கேட்டால், யாருக்கு அது முதல் வாய்ப்போ அவர்தான் முன்னால் வர வேண்டும். இப்போது சந்தோஷ் முன்னால் போவார். அக்கா காத்திருப்பார். சந்தோஷுக்கு அதில் மூன்றில் ஒரு வாய்ப்பு வீண். அக்காவுக்கு நாலைந்து நிமிடம் லாபம்.

"ராடு!" என்று அங்கிருந்தே கத்தினார் சந்தோஷ். "பாத்துக்கிட்டு நிக்காதீங்க!"

அக்கா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எந்தக் காகிதமும் எங்களிடம் இல்லை. அக்கா திரும்பி, காலியான ராடிடம் போய்க் குனிந்தார்.

வெறும் ராடு ஐந்து தடவை. கொஞ்சம் மூச்சு. மறுபடி ஐந்து. நான் பிளேட்டு மாட்டினேன். முப்பது கிலோ, இரண்டு தடவை. முதல் தடவை தோளில் வலி வந்து முகம் சுருங்கியது. இரண்டாவது தடவை சுருங்கவில்லை. நான் கதவிடுக்கு வழியாக மேடையைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். சந்தோஷைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் உடனே போகவில்லை. ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினார். சாக்பீஸ் பொடிப் பெட்டியில் கையை விட்டு, வீட்டில் மாவு பிசைகிற மாதிரி நிதானமாகப் பிசைந்தார். மேடையில் ஏறி, இடுப்பு பெல்ட்டை அவிழ்த்து இன்னொரு தடவை இறுக்கினார். கூட்டத்தில் யாரோ, "பெஹன்ஜி, பஸ் போயிடும்!" என்று கத்தினார்கள். அவருக்குக் கொடுத்த நேரம் முடியச் சில விநாடிகள் இருக்கும்போது நாற்பத்தைந்தை ஒரு தண்ணீர்க் குடம் போலத் தூக்கி, வெள்ளை விளக்குகளைப் பார்த்துவிட்டு வைத்தார்.

அதற்குள் அக்காவின் நெற்றியில் ஒரு வரிசை வியர்வை வந்திருந்தது. கழுத்து சிவந்திருந்தது. ஒரு கையால் இன்னொரு கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார், அது தன்னுடையதுதானா என்று சந்தேகம் வந்தவர் போல.

"வந்துட்டுட்டி" என்றார்.

"என்ன அக்கா?"

"என் கை."

அவரைக் கூப்பிட்டார்கள். நான் கதவோரம் நின்றேன். அவர் குனிந்தார். பிடித்தார். ஒரு மூச்சு. ராடு முட்டியைத் தாண்டியதும் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அரங்கத்தில் அவ்வளவு சத்தம் இருந்தது. பக்கத்து மேடையில் ஆண்கள் போட்டி, மைக்கில் யாரோ பெயர்களைத் தப்புத் தப்பாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தில் அந்தச் சத்தம் எதுவும் இல்லை. அவர் ராடுக்குக் கீழே இறங்கியது, நீரில் ஒருவர் முங்குவதைப் போல மெதுவாக நடந்ததாகவே எனக்கு ஞாபகம். உண்மையில் ஒரு விநாடிகூட ஆகியிருக்காது. கைகள் பூட்டிக்கொண்டன. முன்னால் அரை அடி தடுமாறினார். நின்றார். எழுந்தார்.

வெள்ளை. வெள்ளை. வெள்ளை.

இறக்கலாம் என்று நடுவர் கையைக் காட்டினார். அக்கா இறக்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு, எங்கேயோ கூரைக்கு அந்தப் பக்கம் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். ஒரு விநாடி, இரண்டு, மூன்று.

"மேடம்ஜி" என்று நடுவர் மெல்லக் கூப்பிட்டு, "நீச்சே" என்று கீழே காட்டினார். கூட்டம் சிரித்தது. அதற்குப் பிறகுதான் ராடு கீழே வந்தது.

ஜெர்க்குக்கு முன்னால் கிடைத்த பத்து நிமிடத்தில் அக்கா ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை. வெறும் ராடு, முப்பது, நாற்பது என்று தானே வரிசையாகத் தூக்கினார். முதல் வாய்ப்பிலேயே ஐம்பத்தைந்து வந்துவிட்டது. தோள் வலித்ததால் மற்ற இரண்டையும் எடுக்கவில்லை. மொத்தம் நூறு கிலோ. ஜெர்க்கில் மற்ற இருவரும் அறுபதுக்கு மேல் போய்விட்டதால் நான்கு பேரில் நான்காம் இடம். சந்தோஷ் முதலிடம்தான். ஆனால் ஸ்னாட்சில் அவர் ஆசைப்பட்டிருந்த அறுபத்திரண்டரையை எடுக்க அவரிடம் ஒரே வாய்ப்புதான் மிஞ்சியிருந்தது. அது தவறிப்போனது. அதற்காக அக்கா மன்னிப்புக் கேட்டபோது, "அடுத்த வருஷம் சூடா வாங்க, போதும்" என்று சொல்லிவிட்டு, அக்காவின் பையில் இருந்த புளியோதரையை முக்கால்வாசி சாப்பிட்டார்.

திங்கட்கிழமை மாலை முடிவுத் தாளை எடுத்துக்கொண்டு பட்நாகரிடம் போனோம். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"நாலு பேரில் நாலாவதா?"

"ஜி" என்றார் அக்கா.

"டேபிள் டென்னிஸ்காரங்க நேத்துகூட வந்து கேட்டாங்க."

அக்கா தாளை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினார். பட்நாகர் தாளை இன்னொரு தடவை பார்த்தார். நூறு என்ற எண்ணின் மேல் விரலை வைத்தார். அவருடைய மேஜையே அவ்வளவு கனம் இருக்காது என்று நினைத்தாரோ என்னவோ, மேஜையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு அடுத்த வருடத்துக்கும் ஆறு முதல் ஏழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை நான் போனபோது ஹால் விளக்கு எரியவில்லை. கதவு மட்டும் திறந்திருந்தது. அக்கா மேடையில் ஸ்வெட்டரைத் தலைக்கு வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தார். ராடு பக்கத்தில் கிடந்தது. சன்னல் வழியாக வந்த பனி கூரையின் கீழ் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"தோளு வலிக்குதா அக்கா?"

"இல்ல."

"தூக்கலையா?"

"கட்டாயமா என்ன?" என்றார், கூரையைப் பார்த்துக்கொண்டே. "நேரம் நம்மளுதுட்டி. ஏழு அடிக்கட்டும்."

நானும் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். பலகை சில்லென்று இருந்தது.